‘ஹார்ட் செல்’ என்றால் என்ன?

றிச்மண்ட் ஹில்லில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ‘ஹார்ட் செல்’ என்ற ஆங்கிலச் சொல் தெரியும். பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறக்கிற அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அது தெரியாது. ஆனால் அந்த விற்பனை முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்தான். இரண்டு தலைமுறையும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வாங்குபவருக்கு யோசிக்க நேரம் கொடாமல் நெருக்கி விற்பதே ஹார்ட் செல். “இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்”, “பக்கத்து வீட்டிலும் போட்டுவிட்டார்கள்”, “இதில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்” என்று பேச்சு வரும். இதற்கு எதிர்ச்சொல் ‘சொஃப்ட் செல்’. அதில் விற்பவர் பொருளைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பார்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. ஒரு யோசனையை ‘ஒரு ஹார்ட் செல்’ என்றால், அதை மற்றவர்கள் ஏற்கச் செய்வது கடினம் என்று பொருள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தமிழ் வகுப்பு வைத்தால், பிள்ளைகளிடம் அது நிச்சயம் ஒரு ஹார்ட் செல்! ஒருவர் உங்களுக்குச் செய்வதா, ஒரு விஷயத்தின் தன்மையா என்று பார்த்தால் எந்தப் பொருள் என்பது விளங்கிவிடும்.

விளம்பர உலகில் ஹார்ட் செல்லுக்குப் பேர்போனவர் அமெரிக்கரான றொசர் றீவ்ஸ். 1950களில் அனசின் என்ற தலைவலி மாத்திரைக்கு அவர் செய்த தொலைக்காட்சி விளம்பரத்தில், ஒரு மனிதத் தலைக்குள் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கே தலை வலிக்கும். ஆனாலும் மாத்திரை விற்றது. 1959இல் டொயில் டேன் பேர்ன்பாக் நிறுவனம் ஃபொக்ஸ்வாகன் காருக்குச் செய்த விளம்பரம் மறுபக்கம். வெறுமையான பெரிய பக்கத்தில் ஒரு சின்னக் கார், கீழே அமைதியான சில வரிகள். அதுவும் நன்றாகவே விற்றது.

தொலைக்காட்சியை நிறுத்திவிடலாம். வாசலில் நிற்பவரை அப்படி நிறுத்த முடியாது. ஒன்ராறியோவில் இந்தத் தொல்லை பெருகியதால், 2018 மார்ச் 1 முதல் சில பொருட்களை அழைக்காமல் வீட்டுக்கு வந்து ஒப்பந்தம் செய்வது தடை செய்யப்பட்டது. சுடுநீர்த் தொட்டி, ஃபர்னஸ், ஏசி, நீர் வடிகட்டி, காற்றுக் குழாய் சுத்தம் செய்தல் எல்லாம் அதில் அடங்கும். தடையை மீறிச் செய்த ஒப்பந்தம் செல்லாது.

மற்றப் பொருட்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வீட்டில் வைத்துக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 50 டொலருக்கு மேற்பட்டதானால், அதன் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். வாடகைக்குப் போட்ட இயந்திரத்துக்காக வீட்டுக் காணிப் பதிவிலேயே கொம்பனிகள் உரிமை பதிந்துவைத்த வழக்கமும் இருந்தது. வீட்டை விற்கப் போகும்போதுதான் பலருக்கு அது தெரியவந்தது. இத்தகைய நுகர்வோர் பொருட்களுக்கான அந்தப் பதிவுகள் 2024 ஜூன் 6 முதல் தடை செய்யப்பட்டன.

தாதியாக வேலை செய்யும் எனக்கு இந்த விஷயம் ‘சம்மதம்’ என்ற சொல்லையே நினைவூட்டுகிறது. ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சுகாதாரச் சம்மதச் சட்டத்தின்படி, சிகிச்சைக்கு முன் அதன் நன்மை, ஆபத்து, பக்கவிளைவு, வேறு வழிகள், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பவற்றை நோயாளிக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் கொடுக்க வேண்டும். சம்மதம் அவருடைய சொந்த விருப்பத்தில் வர வேண்டும். மருந்துக்கே இவ்வளவு என்றால், பத்து வருட ஒப்பந்தத்துக்கு ஐந்து நிமிடம் போதுமா? வேறு வழிகளையும் வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பதையும் மறைத்து வாங்கிய கையெழுத்தை நான் சம்மதம் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீடுகளில் விற்பவருக்குப் பாதி வேலையைச் செய்து கொடுப்பது முகத்தாட்சண்யம். வந்தவரை உள்ளே இருத்தித் தேநீர் கொடுத்த பிறகு “வேண்டாம்” என்று சொல்ல வாய் வருவதில்லை. அவர் தமிழில் பேசினால் இன்னும் கஷ்டம். அவர் எங்கள் சபைப் பிள்ளையே என்றால்? குரல் உயராமலே அது ஹார்ட் செல் ஆகிவிடும்.

வாலிபப் பிள்ளைகளே, கோடை விடுமுறையில் கமிஷனுக்கு விற்கும் வேலைகள் உங்களைத் தேடி வரும். விற்பது நேர்மையான தொழில்தான். ஆனால் “முதலில் உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள்” என்று சொன்னால், அந்தப் பட்டியலில் வரப்போவது ஆலயத்தில் உங்களைத் தூக்கி வளர்த்த மாமாவும் அன்ரியும். அவர்கள் பொருளுக்காக வாங்குவார்களா, உங்கள் முகத்துக்காக வாங்குவார்களா? இதை யோசித்த பிறகு அந்த வேலைக்குச் சம்மதியுங்கள்.

இந்த வாரம் வீட்டிலுள்ள பெரியவர்களோடு ஒருதரம் பேசுங்கள். மூன்று காரியம் போதும்: வாசலில் கையெழுத்து இல்லை, வங்கிக் கணக்கையோ வீட்டு பில்லையோ காட்டுவதில்லை, “பிள்ளைகளோடு கதைத்துவிட்டுச் சொல்லுகிறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம், அது மரியாதைக் குறைவல்ல. ஏற்கனவே எதிலாவது கையொப்பம் வைத்திருந்தால், ஏசாமல் கடதாசியை வாங்கித் திகதியைப் பாருங்கள். அந்தப் 10 நாட்கள் இன்னும் முடியாமல் இருக்கலாம்.