இருமல் போனது கஷாயத்தாலா?

“நாலு நாளா விடாத இருமல். நேத்து ராத்திரி சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வச்சுக் குடுத்தேன். இன்னைக்குப் பாதி குறைஞ்சிடுச்சு.” இதைக் கேட்காத வீடு இருக்காது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கஷாயம் கொடுத்தது உண்மை, இருமல் குறைந்ததும் உண்மை. கஷாயத்தால்தான் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

நாம் எப்போது கஷாயம் வைக்கிறோம் என்று பாருங்கள். தொண்டை கரகரத்த முதல் நாளே யாரும் அம்மியைத் தேடுவதில்லை. வெந்நீர் குடி, பனியில் நிற்காதே என்று இரண்டு நாள் போகும். ராத்திரி முழுக்க இருமி, வீட்டில் ஒருவரும் தூங்காமல் விடிந்த பிறகுதான் அஞ்சறைப் பெட்டி திறக்கும். அதாவது, இருமல் உச்சத்தில் இருக்கும் நாளில். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான். அன்றைக்கு வெறும் வெந்நீரைக் கொடுத்திருந்தாலும் மறுநாள் அதற்குத்தான் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

சாதாரண சளியோடு வரும் இருமல் எத்தனை நாள் இருக்கும்? அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஈபெல் குழுவினர் 2013-ல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 17.8 நாள் என்று வந்தது. பொதுமக்களைக் கேட்டால் ஏழிலிருந்து ஒன்பது நாள் என்றார்கள். பத்தாம் நாள் பொறுமை போய், டாக்டரிடமோ பாட்டியிடமோ போகிறோம். அதன்பின் எதைச் சாப்பிட்டாலும், தானாகப் போக வேண்டிய இருமல் தன் நாளில் போகிறது.

ஆகவே ஒரு வைத்தியத்தைச் சோதிப்பதென்றால், கொடுத்த பிறகு குறைந்ததா என்று பார்த்தால் போதாது. கொடுக்காதவருக்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறைப் பொருள்களில் இப்படி ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது தேன்.

2007-ல் பென்சில்வேனியாவில், டாக்டர் இயன் பால் தலைமையில் அந்தச் சோதனை நடந்தது. இரண்டு முதல் பதினெட்டு வயது வரை 105 பிள்ளைகள். ஒரு பங்குக்குத் தூங்கப்போவதற்கு அரை மணி நேரம் முன்பு தேன். சின்னவர்களுக்கு அரை டீஸ்பூன், பெரியவர்களுக்கு இரண்டு. இன்னொரு பங்குக்குத் தேன் சுவையூட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், அதாவது கடை சிரப்புகளில் இருக்கும் இருமல் அடக்கி. மூன்றாவது பங்குக்கு ஒன்றும் இல்லை. முந்தைய இரவும் அந்த இரவும் எப்படி இருந்தன என்று பெற்றோரிடம் ஐந்து கேள்விகள்: எத்தனை தடவை இருமினான், எவ்வளவு கடுமை, எவ்வளவு தொந்தரவு, பிள்ளை தூங்கினானா, நீங்கள் தூங்கினீர்களா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஆறு வரை மதிப்பெண், மொத்தம் முப்பது.

தேன் சாப்பிட்டவர்களுக்கு 10.71 புள்ளி குறைந்தது. சிரப்புக்கு 8.39. ஒன்றுமே கொடுக்காதவர்களுக்கு 6.41.

கடைசி எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். எதுவும் சாப்பிடாத பிள்ளைக்கும் ஒரே இரவில் ஆறு புள்ளிக்கு மேல் குறைந்திருக்கிறது. தேனுக்குக் கிடைத்த நல்ல பெயரில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் தேன் இல்லாமலே வந்திருக்கும். மீதியைத்தான் தேனின் கணக்கில் எழுதலாம். சிரப்போ, ஒன்றும் கொடுக்காததைவிட மேல் என்று புள்ளியியல்படி நிரூபிக்க முடியாமல் போனது. கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது சங்கடமான முடிவுதான்.

அந்த மீதியிலும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு அது தெரியும். மருந்து கொடுத்தோம் என்ற நிம்மதியில் தூங்கிய அம்மாவுக்கு இருமல் குறைவாகக் கேட்டிருக்கலாம் அல்லவா? இயன் பாலே 2014-ல் இதைச் சோதித்தார். இரண்டு மாதம் முதல் நான்கு வயதுக்குள் இருந்த 119 குழந்தைகளில் சிலருக்குக் கற்றாழை போலிருக்கும் அகேவ் செடியின் இனிப்புப் பாகு. சிலருக்குத் திராட்சை மணமூட்டி நிறம் சேர்த்த தண்ணீர். சிலருக்கு ஒன்றும் இல்லை. பாகும் தண்ணீரும் ஒன்றும் கொடுக்காததைவிட மேலாக வந்தன. ஆனால் பாகுக்கும் நிறத் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் இல்லை. இவ்வளவு சிறிய குழந்தைக்கு மருந்தின் மேல் நம்பிக்கை என்று ஒன்று ஏது? நம்பிக்கை, மதிப்பெண் போட்ட பெற்றோரிடம்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தேனும் அந்த நிறத் தண்ணீர்தானா? இல்லை என்று நினைக்க இடம் இருக்கிறது. 2012-ல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 300 குழந்தைகளிடம் மூன்று வகைத் தேனை, நிறத்திலும் பதத்திலும் தேனைப் போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகோடு ஒப்பிட்டார்கள். எதில் எது என்று பெற்றோருக்குத் தெரியாது. எல்லாருக்கும் குறைந்தது, தேனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 2018-ல் காக்ரேன் அமைப்பு ஆறு சோதனைகளை, 899 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய இதையே சொன்னது. இஸ்ரேல் ஆய்வுக்கு அந்நாட்டுத் தேன் வாரியமும், 2007 ஆய்வுக்கு அமெரிக்கத் தேன் வாரியமும் பணம் கொடுத்தன என்பதையும் தெரிந்துகொண்டே படிப்பது நல்லது. என் கணிப்பு: தேன் வேலை செய்கிறது, பெரிதாக அல்ல, சில இரவுகளுக்கு. பிள்ளை தூங்க அது போதும்.

இனிப்பும் வெதுவெதுப்பும் என்ன செய்கின்றன என்பதைப் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் நிறைய ஆராய்ந்தார். இனிப்பு எச்சிலைச் சுரக்க வைத்து, வறண்ட தொண்டையில் ஒரு பூச்சாகப் படிகிறது. 2008-ல் அவர் குழு சளி பிடித்த 30 பேருக்குப் பழச்சாறு பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தது. இருமலும் தும்மலும் மூக்கொழுகலும் இரண்டிலுமே தணிந்தன. தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவை சூடான பானத்துக்குத்தான் குறைந்தன. நம் வீட்டுப் பனங்கற்கண்டுப் பாலில் இனிப்பும் உண்டு, சூடும் உண்டு. மிளகும் மஞ்சளும் சேருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மிளகு கதை வேடிக்கையானது. அடுப்பில் வரமிளகாய் கருகினால் தெருக்கோடி வரை இருமல் கேட்கும். இருமல் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வகங்களும் அதையேதான் செய்கின்றன. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினை அளந்த வீரியத்தில் மூச்சோடு உள்ளே இழுக்கச் சொல்வார்கள். எந்த வீரியத்தில் ஐந்து இருமல் வருகிறது என்று குறித்துக்கொண்டு, மருந்துக்குப் பிறகு அந்த அளவு கூடுகிறதா என்று பார்ப்பார்கள். நரம்பு நுனியில் கேப்சைசின் தட்டும் கதவின் பெயர் டி.ஆர்.பி.வி.1, அதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021-ன் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் காரமும் தட்டுவது அதே கதவைத்தான். மூச்சுக்குழாயில் பட்டால் இருமல். நாக்கிலும் தொண்டையிலும் பட்டால் எச்சில், மூக்கொழுகல், ஒரு சூடு. குடித்ததும் சளி இளகியதுபோல் இருப்பது இதனால்தான்.

அதிமதுரத்துக்கு வேறொரு துறையில் நல்ல சாட்சியம் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் குழாய் செலுத்துவார்கள். விழித்ததும் தொண்டை எரிச்சலும் இருமலும் இருக்கும். 2013-ல் வியன்னாவில் 236 நோயாளிகளில், முன்கூட்டியே அதிமதுரக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களுக்கு, சர்க்கரைத் தண்ணீரால் கொப்பளித்தவர்களைவிட அந்தத் தொல்லை குறைவாக இருந்தது. கொப்பளிப்பது வேறு, தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு. அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாரக்கணக்கில் குடிக்கக் கூடாது.

வேலியோரம் நிற்கும் ஆடாதோடை மருந்துக்கடைக்கே போய்விட்டது. அதில் இருக்கும் வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவானதுதான் 1960-களில் வந்த புரோம்ஹெக்சின். அதிலிருந்து பிறந்தது அம்ப்ராக்சால். சளியை இளக்கும் சிரப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள், இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடைக் கஷாயம் கூடாது.

சரி, உங்கள் வீட்டுக் கைப்பக்குவத்தைச் சோதிக்க முடியுமா? ஓரளவு முடியும். பெரியவர்களின் சாதாரணச் சளி இருமலில் மட்டும் செய்யுங்கள்.

முதல் சிக்கல், நாம் ஒன்றை மட்டும் செய்வதில்லை. கஷாயம் குடிக்கிற அன்றே தைலம் தடவி, ஆவி பிடித்து, ஃபேனைக் குறைத்து, தலையணையை உயர்த்தி, உப்பு நீரில் கொப்பளித்து, ஐஸ் தண்ணீரையும் நிறுத்துகிறோம். பாராட்டு மட்டும் கஷாயத்துக்கு. மற்றதையெல்லாம் எல்லா இரவும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, கஷாயத்தை மட்டும் மாற்ற வேண்டும். எதிரில் வைக்க இன்னொரு டம்ளர் வேண்டும்: அதே சூடு, அதே பனங்கற்கண்டு, சுக்கும் மிளகும் திப்பிலியும் மட்டும் இல்லை. வெறும் வயிற்றோடு ஒப்பிட்டால் இனிப்பும் சூடும் செய்த வேலை சுக்கின் கணக்கில் ஏறிவிடும்.

எந்த இரவில் எது என்பதை நாணயம் சொல்லட்டும். இன்று மோசமாக இருக்கிறது, கஷாயமே கொடுப்போம் என்று நாமே தேர்ந்தெடுத்தால் முன்பு சொன்ன உச்சக் கதைதான் நடக்கும். இருமல் நாளுக்கு நாள் தானாகவும் குறைவதால், இரவுகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் எது என்று சுண்டிப் பாருங்கள். ஒரே சளியில் முடிவு தெரியாது. மழைக்காலம் முழுக்க, வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் எழுதி வந்தால் ஏதாவது புலப்படும்.

இரண்டாவது சிக்கல் காரம். குடிப்பவருக்கு எது என்று முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும், மறைக்க வழியில்லை. ஆனால் எண்ணுகிறவரிடம் மறைக்கலாம். இயன் பால் 2010-ல் நெஞ்சில் தடவும் தைலத்தைச் சோதித்தபோது வாசனையே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, பெற்றோர் தங்கள் மூக்கின் கீழே முதலில் தைலத்தைப் பூசிக்கொள்ளும்படி செய்தார். பிள்ளைக்குத் தடவியது தைலமா வெறும் வாசலினா என்று மணத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போகட்டும் என்பதற்காக. அவ்வளவு தூரம் போக வேண்டாம். டம்ளரைக் கலக்குகிறவர் ஒருவர், காலையில் எண்ணுகிறவர் வேறொருவர் என்றிருந்தால் போதும். செல்போனில் படுத்த பிறகு இரண்டு மணி நேரத்தைப் பதிவு செய்து, அன்று என்ன கொடுத்தது என்று தெரியாத ஆள் இருமலை எண்ணட்டும். குடித்தவர் தூக்கத்துக்குத் தனியாக ஆறுக்கு ஒரு மதிப்பெண் போடட்டும். எழுதி முடிக்கும்வரை, எந்த இரவில் எது என்று நாணயம் சொன்னதைக் குறித்த சீட்டைத் திறக்கக் கூடாது. சின்ன வித்தியாசம் இதில் தெரியாது. பெரியதாக இருந்தால் தெரியும்.

தேனைச் சோதிப்பதாக இருந்தால் பாட்டிலுக்குள் இருப்பது தேன்தானா என்ற கேள்வியும் உண்டு. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் 22 மாதிரிகளை ஆராய்ந்து, 77 சதவீதத்தில் சர்க்கரைப் பாகு கலப்பு என்றது; நிறுவனங்கள் மறுத்தன. தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துவது எல்லாம் இந்தக் கலப்பைக் கண்டுபிடிக்காது.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்து அந்தக் குடலில் முளைத்து விஷம் சுரந்தால் கை கால் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். தேனைச் சுட வைப்பதால் அந்த வித்து சாகாது. அதற்காகக் கடை சிரப்பை நாடுவதும் தீர்வில்லை. 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. கைக்குழந்தைக்குப் பால்தான், வேகமாக மூச்சு வாங்கினால் உடனே டாக்டர்தான்.

பெரியவர்களில் எனாலாபிரில், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரை தொடங்கிய பிறகு வறட்டு இருமல் வந்தால் அது அந்த மாத்திரையின் வேலையாக இருக்கலாம். எந்தக் கஷாயத்துக்கும் அடங்காது, டாக்டர் மாத்திரையை மாற்றினால் தானாக நிற்கும். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இருந்தால் நாணயத்தையும் டம்ளரையும் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் காசநோய்த் திட்டத்தின் விதி. சராசரி இருமலே கிட்டத்தட்ட பதினெட்டு நாள் நீள்வதால் பரிசோதிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பரிசோதித்தே ஆக வேண்டும், ஏனென்றால் இருமலின் சத்தத்தை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவர்கள் கொடுக்கும் டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தால் முடிவு சரியாக வராது. காலையில் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியைத்தான் கொடுக்க வேண்டும்.