மாமியார் வேண்டாமென்ற மூங்கில்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவு செய்யும் குடும்பம் எங்களுடையது. வீட்டின் பின்புறம் காலி மனை. ஓலைத் தடுப்பு கட்டினால், வருஷத்துக்குள் கரையான் அரித்து விடும். பெரியவள் வயசுக்கு வந்த பின், 'கொல்லைக்குப் போகவே கூச்சமா இருக்கும்மா...' என்று அழுதாள். சுவர் எழுப்பக் கையில் காசில்லை.

என் அக்கா வீட்டில் வேலி மூங்கில் அடர்த்தியாக இருந்தது. அதை நடலாம் என்றதும் மாமியார், 'பாடை கட்டுற மூங்கிலை எவளாவது வீட்டுல வளர்ப்பாளா?' என்று திட்டினார்.

'அத்தை, கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுறதும் மூங்கில்தானே? நம்ம வரதராஜப் பெருமாள் கோவில் இட்லி வேகுறதும் மூங்கில் குடலையிலதானே? திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில்ல தல விருட்சமே மூங்கில்தான்' என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

ஆனால், முதல் தடவை தோற்றுப் போனேன். சித்திரை வெயிலில், வேரில்லாத கழிகளை வெட்டி வந்து ஊன்றினேன். பத்தே நாளில் காய்ந்து விறகாகி விட்டன.

அடுத்து, ஆடி மாத மழைக்குப் பின் போனோம். புதரின் ஓரத்தில் இருந்த இளங்கழிகளை இரண்டு, மூன்றாக, அடிக்கிழங்கும் வேரும் சேர்ந்து வரும்படி கடப்பாரையால் பிரித்தோம். கிழங்கில் உள்ள மொட்டு உடையக் கூடாது; புதுக் குருத்து வருவதே அதிலிருந்துதான். கழியை இடுப்பு உயரத்துக்கு வெட்டி, வேரை ஈரச் சாக்கில் சுற்றி வந்து, அன்றைக்கே நட்டேன். மூன்று அடிக்கு ஒரு குழி. அதில் மக்கிய சாணம். முதல் வருஷம் மண் காயாமல் தண்ணீர் விட்டேன். உதிரும் இலைகளைக் கூட்டாமல் அடியிலேயே விட்டேன், ஈரம் காத்தது.

பக்கத்து வீட்டம்மா, 'வேர் ஓடி எங்க சுவரை இடிச்சுடும்' என்று பயந்தார். இந்த வகை குத்தாகத்தான் வளரும், தூரம் ஓடாது. ஆனால், வருஷா வருஷம் குத்து பருக்கும். அதனால் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி நட்டிருந்தேன்.

மூன்றாம் வருஷம் ஆள் மறையும் வேலி ஆகி விட்டது. மழைக்காலக் குருத்தைத் தொடாமல், முற்றிய கழியை மட்டும் வெட்டி அவரைப் பந்தலுக்கு வைத்துக் கொள்கிறோம். மகள் இப்போது கூச்சமில்லாமல் கொல்லைக்குப் போகிறாள்.

போன ஆடியில், பயந்த பக்கத்து வீட்டம்மாவே கன்று கேட்டு வந்தார். 'கிழங்கு உடையாம பிரிக்கணும்மா' என்று அவருக்குப் பாடம் எடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்!

— ஒரு வாசகி, காஞ்சிபுரம்.