கிசான் பணமும் கடவுச்சொல்லும்

காவிரி டெல்டாவில் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குரிய தொகை இப்போது நேரே வங்கிக் கணக்கில் வரவாகிறது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறது. பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் அவ்வாறே. ஆகவே திருடனும் களத்துமேட்டை விட்டு செல்போன் பக்கம் வந்துவிட்டான்.

கடவுச்சொல் எனப்படும் பாஸ்வேர்டு கைமாறினால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2020-ஆம் ஆண்டில் கண்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள்கூட கிசான் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தனர். விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தரும் அலுவலர்களுக்கு உரிய கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போனதே இதற்கு வழி செய்தது. 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடு நடந்ததாக அரசு தெரிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. தவறாக வரவான தொகை கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது. படித்த அலுவலர்களின் கடவுச்சொல்லே இப்படிப் போயிற்று என்றால் உழவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

அண்மைக் காலத்தில் பரவிவரும் மோசடி வேறு வகை. "கிசான் தவணை நின்றுவிடும், உடனே இ-கே.ஒய்.சி. செய்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தும் வரலாம். அவருடைய போன் ஏற்கெனவே மோசடிக்காரர் பிடியில் சிக்கியிருக்கும். அதனுடன் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் தொட்டு நிறுவினால், வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை அந்தச் செயலி படித்து மோசடிக்காரனுக்கு அனுப்பிவிடும். நாம் வாய் திறந்து ஓ.டி.பி. சொல்லவே வேண்டாம். இரவில் மடையை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்பவனைப் போன்றவன் இவன். விடிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கிசான் செயலி வேண்டுவோர் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்கிக்கொள்ள வேண்டும். பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தும் இ-கே.ஒய்.சி. முடிக்கலாம்.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையில்லை. "இழப்பீடு அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடியே.

மின்னஞ்சல் கணக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. போன் வாங்கிய கடையிலோ கணினி மையத்திலோ திறந்து கொடுத்திருப்பார்கள். கடவுச்சொல் அங்கே ஒரு நோட்டில் கிடக்கும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான கடிதம் இந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும் என்பதால் இது தலைமடை போன்றது. வீட்டில் படித்த பிள்ளையைக்கொண்டு உடனே கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிட வேண்டும். பிறந்த தேதி, செல்போன் எண் ஆகியவை கடவுச்சொல்லுக்கு ஆகா. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், எளிதில் ஊகிக்கவும் முடியாது. சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது மையங்களில் நெரிசலாக இருக்கும். அந்த அவசரத்தில் மையக்காரர் தம் செல்போன் எண்ணையே பதிந்துவிடுவதும் உண்டு. ரசீதில் இருப்பது தம் எண்தானா என்று பார்த்த பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும்.

ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் வங்கிப் பணத்தை எடுக்க முடியும். ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. யூரியா வாங்கவோ ரேஷன் கடைக்கோ போகும்போது திறந்துகொண்டு, திரும்பியதும் பூட்டிவிடலாம். சற்றுத் தொல்லைதான், ஆனால் பயன் உண்டு.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க அதுவே வழி. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பாதிக்கப்பட்ட போனில் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்யலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாஸ்புக்குடன் மறுநாளே வங்கிக்கு நேரில் செல்ல வேண்டும்.