அலைக்காட்டி தன்னைத்தானே சோதிக்கும் நொடிகள்

ஆசிலோஸ்கோப் எனப்படும் அலைக்காட்டியின் சுவிட்சைப் போட்டதும் முன்பக்க விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைகின்றன. உள்ளே ரிலேக்கள் டக் டக்கென்று ஒலிக்கின்றன. பிறகுதான் திரையில் கோடு வருகிறது. இந்த இடைவெளியில் கருவி தன் உறுப்புகளை வரிசையாகச் சோதித்துக்கொள்கிறது. பழுது பார்ப்பவருக்கு அந்த வரிசையே பெரிய துப்பு.

முதலில் செயலி, தன் நிரல் பதிந்திருக்கும் ரோமைப் படிக்கிறது. அதிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி, தொழிற்சாலையில் எழுதிவைத்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடுகிறது. அடுத்து ரேம்: ஒவ்வோர் இடத்திலும் 0, 1 மாறிமாறி எழுதித் திரும்பப் படிக்கிறது, பின் அதையே தலைகீழாக எழுதிப் பார்க்கிறது. இவை தேறிய பிறகே அனலாக் சுற்றுகளின் முறை. கருவி தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கி, அதைத் தானே அளந்து, விடை சரியா என்று பார்க்கிறது. ஒவ்வொரு படியும் முன்பே தேறிய பகுதிகளை மட்டும் நம்பி நடக்கிறது. அதனால் திரையில் ஒரு பிழை எண் வந்தாலே பாதி நிம்மதி. அந்த எண்ணை எழுதும் அளவுக்குச் செயலியும் நினைவகமும் உயிரோடு இருக்கின்றன. அடித்தளமே பழுதானால் திரையை நம்ப முடியாது. பல கருவிகள் அப்போது முன்பக்க விளக்குகளைச் சிமிட்டிக் குறியீடு காட்டும்.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய 2465 வரிசை அலைக்காட்டிகளை இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வரும் செய்தி 'டெஸ்ட் 04'. அளவுத்திருத்த மாறிலிகள் அழிந்துவிட்டன என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அளந்து சேமித்த எண்கள் அவை. 2465ஏ போன்றவற்றில் ஒரு லித்தியம் பேட்டரிதான் அவற்றைக் காக்கிறது. பிந்தைய 2465பி கருவிகளில் பேட்டரி நினைவகச் சில்லுக்குள்ளேயே அடைத்து மூடப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சில்லுக்குத் தயாரிப்பாளர் உறுதியளித்த ஆயுள் குறைந்தது 10 ஆண்டுகள். பல கருவிகள் அதைப்போல மூன்று மடங்கு காலம் தாண்டிவிட்டன. செய்தி வரும்வரை காத்திருக்கக் கூடாது. சில்லு உயிரோடு இருக்கும்போதே கழற்றி, உள்ளடக்கத்தை ஒரு புரோகிராமர் கருவியில் படித்து நகல் எடுத்துவிட்டால், புதிய சில்லில் அதை எழுதிக் கருவியை அப்படியே காப்பாற்றலாம். அழிந்த பிறகு மீட்க, துல்லியமான மூலக்கருவிகளோடு முழு அளவுத்திருத்தமும் செய்யவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிழை எண் காட்டுவது பிழை கண்டுபிடிக்கப்பட்ட இடத்தை. அது பிறந்த இடம் வேறாக இருக்கலாம். அதே நிறுவனத்தின் 1990களின் டிடிஎஸ் வரிசையில் 'அக்விசிஷன்' தோல்வி என்று வந்தால், விலை உயர்ந்த சிறப்புச் சில்லுகள் போய்விட்டன என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, போர்டில் ஒட்டியிருக்கும் சில்லறை விலை மின்பகுளிக் கெப்பாசிட்டர். அதிலிருந்து கசிந்த திரவம் செப்புத் தடங்களை அரிக்கிறது, அருகருகே உள்ள தடங்களுக்கிடையே மின்சாரத்தையும் கசியவிடுகிறது. போர்டைக் கழுவி உலர்த்தி, கெப்பாசிட்டர்களை மாற்றினாலே சோதனை தேறிய கருவிகள் ஏராளம். அதுபோல் பவர் சப்ளையில் அலைவு மிகுந்தால் செய்தி ரேமின்மேல் பழிபோடும். எந்த எண் வந்தாலும் முதலில் மின்னழுத்தங்களை அளக்கவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மூடியைத் திறக்கும்போது, சுவிட்சை அணைத்த பின்பும் மின்வழங்கியில் பல நூறு வோல்ட் தேங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பகுதி தெரிந்துவிட்டது, எந்தச் சில்லு? ஹெவ்லெட்-பேக்கர்ட் பொறியாளர்கள் 1977இல் இதற்கு அழகான ஒரு விடை தந்தார்கள். 5004ஏ என்ற கருவியின் முனையைச் சில்லின் ஒரு காலில் வைத்தால், அங்கே ஓடும் நீண்ட 0, 1 வரிசையை 16 பிட் பதிவேட்டில் சுழற்றி, நான்கே எழுத்தாகச் சுருக்கிக் காட்டும். நல்ல கருவியில் ஒவ்வோர் இடத்திலும் வரவேண்டிய நான்கெழுத்து சர்வீஸ் மானுவலில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே வருபவை சரியாகவும் வெளியே போவது தவறாகவும் இருக்கும் சில்லைத் தேடிப் பின்னோக்கி நடந்தால் போதும். பிழை கண்ணில் படாமல் தப்ப வாய்ப்பு ஏறத்தாழ 65,536இல் ஒன்று. 3455ஏ வோல்ட்மீட்டர் இந்த முறைக்கென வடிவமைத்து வெளிவந்த முதல் கருவி.

எல்லாச் சோதனையும் தேறிய கருவி சரியாக அளக்கும் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. உள்ளே உண்டாக்கும் மேற்கோள் மின்னழுத்தம் விலகினால், அதைக்கொண்டே அளக்கும் கருவிக்கு விலகல் தெரியாது. அதிக மின்னழுத்தம் பட்டுக் கெட்ட உள்ளீட்டுக் குறைப்பான், சோதனைச் சமிக்ஞை செல்லும் பாதைக்கு வெளியே இருந்தால் அதுவும் கண்ணில் படாது. பழைய அலைக்காட்டி வாங்கப் போகிறவர் 'பாஸ்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், அளவு தெரிந்த ஒரு மின்னழுத்தத்தை எல்லாச் சேனலிலும், வோல்ட் குமிழின் எல்லா நிலைகளிலும் கொடுத்துப் பார்க்கட்டும்.