சொல்லிழந்தாரின் அறிவை அளத்தல்

எண்ணுதலும் எண்ணியதை வாயாற் சொல்லுதலும் ஒன்றெனவே பலர் கருதுவர். இவை வேறென்பதைக் காட்டும் நோயொன்று உண்டு. மூளையின் இடப்பாகத்திற் குருதியோட்டம் தடைப்படுதலாலோ, தலையிற்பட்ட காயத்தாலோ, பேசும் ஆற்றலும் பிறர் பேச்சை விளங்கும் ஆற்றலும் குன்றுதலை வைத்திய நூலார் அபேசியா என்பர்; தமிழிற் பேச்சிழப்பு எனலாம். பாரிசவாதத்தால் வலக்கை சோர்ந்தாரிடத்து இதனைப் பெரிதும் காணலாம்.

கிளிநொச்சியில் வயல் விளைவித்த முதியவரோ, முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவரோ, 2009 இல் முடிவுற்ற போரிலே தலையிற் காயமுற்றவரோ இந்நோய்க்கு ஆளாயின், அயலார் முதற்கண் ஐயுறுவது அவர்தம் அறிவையே. “அவருக்கு ஒன்றும் விளங்காது” என்ற ஒரு சொல்லால், காணி உறுதி முதலாக மகளின் திருமணம் ஈறாக எதிலும் அவர் கருத்துக் கேட்கப்படாது போதல் கூடும். ஆதலின் அவர் அறிவை அளத்தல் ஆராய்ச்சியின் பொருட்டு மட்டுமன்று. ஒருவரின் உரிமையும் அதனுள் அடங்கும்.

1861 இல் பாரிசு நகரையடுத்த பிசேத்திர் வைத்தியசாலையிலே போல் புறோக்கா என்னும் அறுவை வைத்தியர், “தான்” என்னும் ஓரசையையே பெரும்பாலும் ஒலித்துவந்த நோயாளி ஒருவரைச் சோதித்தார். அங்கு எத்தனை ஆண்டு இருந்தீர் என வினவ, அவர் கையை நான்குமுறை விரித்து, ஈற்றில் ஒரு விரலைக் காட்டினார். அவர் குறித்த இருபத்தோராண்டு சரியான கணக்கே. அதே வினாவை மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கின்றனர் என உணர்ந்து சினந்தார். வேறு சில வினாக்களுக்கு அவர் பிழைபட விடையளித்ததையும் புறோக்கா மறையாது குறித்தார்.

சொல்லால் வினாவிச் சொல்லால் விடை பெறும் சோதனையை இத்தகையோர்க்கு வைத்தல், கால் முறிந்தவனை ஓடவிட்டு அவன் கண்பார்வையை அளப்பதை ஒக்கும். எனவே உளநூலார் உருவங்களை நாடினர். 1938 இல் இங்கிலாந்திலே ஜோன் றேவன் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதி குறைந்த கோலம் காட்டப்படும். கீழுள்ள துண்டுகளுள் பொருந்துவதை விரலாற் சுட்டினால் அமையும். 1947 இல் வெளிவந்த வண்ணப் பதிப்பில் 36 வினாக்கள் உள. பேச்சிழந்தோரைச் சோதிப்பதற்கு இப்பதிப்பு பெரிதும் பயன்படுகின்றது.

எனினும் சோதிப்போர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். செய்முறையைச் சொல்லால் மட்டும் விளக்காது செய்து காட்டுதல் முறை. வலக்கை வழங்காதார்க்கு இடக்கையாற் சுட்ட இடமளித்து, காலவெல்லையைத் தளர்த்தல் வேண்டும். பார்வைப்புலத்தில் ஒரு பாதி மறைந்துளதோ எனவும் ஆராய்க. பள்ளி காணாதார்க்குத் தாளிலுள்ள கோலமே புதுமையாதலும் கூடும். படங்களைக் கொண்டு பொருளறிவை அளக்கும் சோதனையொன்றிலே எகிப்தியக் கூர்ங்கோபுரமும் ஈச்சமரமும் இணைக்கப்பட்டுள. வன்னி உழவர்க்கோ கலப்பையும் எருதும், பனையும் நுங்கும் அன்றோ பழகிய இணை? அன்னியப் படத்தை அறியாமை அறிவின்மை ஆகாது.

ஆகவே குறைந்த புள்ளி ஒன்றையே கொண்டு அறிவு கெட்டதெனத் துணிதல் தகாது. பலநாள் வைத்துப் பல வழியால் ஆராய்தலே நெறி. பணத்தை எண்ணுதல், வழி தவறாது வீடு சேர்தல், பேரனின் குறும்புக்கு உரிய தருணத்தில் நகைத்தல் ஆகியனவும் சான்றுகளாம். மறுபுறம், பேச்சோடு சிந்தனையும் குன்றியோர் சிலர் உளர். அவர்க்கு வேண்டும் உதவியும் வேறு. இருதிறத்தாரையும் பிரித்தறிந்து, உரியார்க்கு உரிய மதிப்பையும் துணையையும் நல்குதலே இவ்வளவையின் பயனாகும்.