சர்வரின் வேக வரம்பும் அதில் நேரும் பிழைகளும்

மாதேசுவர மலைப் பகுதியை அடுத்த மார்டள்ளி, 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்திலும், பின்னர் 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் சேர்ந்திருந்த ஊராகும். இன்று அது சாமராஜநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. தமிழ் பேசுவோர் மிகுந்த இத்தகைய ஊரில், தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று ஆசிரியர் ஒருவரின் கைபேசியில் பக்கம் பாதியில் நின்றுவிட்டால், பழி முழுவதும் அருகிலுள்ள கோபுரத்தின்மீதே விழுகிறது. குற்றம் தொலைவிலுள்ள சர்வரிலும் இருக்கக்கூடும்.

சர்வரிலிருந்து வெளிச்செல்லும் தகவலுக்கு வேக வரம்பு இடுவது, ஏரி மடையில் பலகை இறக்குவதை ஒக்கும். தலைமடைக்காரரே நீர் முழுவதையும் கொண்டுபோகாமல் கடைமடைக்கும் எட்டச் செய்வதே அதன் நோக்கம். பலகை இறக்கியும் பாய்ச்சல் குறையவில்லையெனில், முதற்கண் ஆராய வேண்டுவது அளவையாகும். இணைப்பின் வேகத்தை நிறுவனங்கள் பிட் கணக்கில் கூறுகின்றன. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகிய சர்வர் மென்பொருள்களோ வரம்பைப் பைட் கணக்கில் கொள்கின்றன. ஒரு பைட் என்பது 8 பிட். 100 மெகாபிட் இணைப்பில் ஆளுக்கு 1 மெகாபிட் வீதம் நூறு பேருக்கு வழங்கக் கருதியவர், தவறி 1 மெகாபைட் என எழுதிவிட்டால், பன்னிரண்டு பேரிலேயே இணைப்பு ஏறத்தாழ நிரம்பிவிடும். லினக்ஸின் டி.சி. என்னும் கருவியில் இக்குழப்பம் இன்னும் மிகுதி. அதில் கே.பி.பி.எஸ். என எழுதினால், பிறர் வழக்கிற்கு மாறாக, அது கிலோபைட்டையே குறிக்கும்! கிலோபிட் வேண்டுவோர் கேபிட் என்றே எழுதுதல் வேண்டும்.

அளவை சரியாயின், சோதித்த முறையை நோக்குக. சிறு கோப்பைக் கொண்டு சோதித்தல் பயனற்றது. தொடக்கத்தில் ஓரளவு தகவலைத் தடையின்றி விடுமாறு பல அமைப்புகளில் ஏற்பாடு உண்டு. 50 மெகாபைட் கோப்பு 1 மெகாபிட் வரம்பில் வந்துசேர ஏறத்தாழ 400 விநாடி ஆகவேண்டும். ஐம்பது விநாடியில் வந்தால், பிட்டும் பைட்டும் மாறியுள்ளன என்றே கொள்ளலாம்.

அடுத்தது இணைப்புகளின் எண்ணிக்கை. என்ஜின்எக்ஸ் இடும் வேக வரம்பு ஆளுக்கன்று, ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரியது. நான்கு இணைப்புகளைத் திறக்கும் பதிவிறக்கக் கருவி நான்கு பங்கு நீரைப் பெறும். இதனைத் தடுக்க ஒரு ஐ.பி. முகவரிக்கு இத்தனை இணைப்பு என்று கட்டுப்படுத்துவர். தொல்லை இங்குதான் மறுபுறம் திரும்புகிறது. கைபேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியின் பின்னே நிறுத்துவது வழக்கம். ஆதலின் ஒருவருக்கென இட்ட வரம்பு ஊருக்கே இட்ட வரம்பாகிவிடுகிறது. 2021இல் கோவின் தடுப்பூசித் தளம், தன் பொதுத் தகவல் வாயிலில் ஒரு முகவரிக்கு 5 நிமிடத்தில் 100 கேள்விகள் என வரையறுத்தது. தானியங்கி நிரல்களை அடக்க அத்தகைய வரம்பு தேவையே; எனினும் முகவரியை ஆளாகக் கருதும் எந்த வரம்பிலும் இக்குறை உண்டு.

வேக வரம்பு பிழைச் செய்தி எதனையும் காட்டாது. பக்கம் மெதுவாக வரும், அவ்வளவே. எண்ணிக்கை வரம்பு மீறப்பட்டால் பெரும்பாலும் 429 அல்லது 503 என்னும் எண் தோன்றும். களப்பணியாளர் புகார் எழுதுகையில், தோன்றிய எண்ணையும், நேரத்தையும், அதே வேளையில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் அப்பக்கம் திறந்ததா என்பதையும் குறித்தனுப்பினால், சர்வரைப் பராமரிப்பவர் எந்தப் பலகையைத் தூக்குவது என்பதை விரைவில் கண்டுகொள்வார்.