டயர் பளபளன்னு மின்னினா போதுமா? கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

காரைக்கால்:

சனிக்கிழமை வந்தாலே திருநள்ளாறு சனீஸ்வரர் கோவிலுக்கு வெளியூர் கார்களும் வேன்களும் படையெடுக்கும். சவாரிக்கு நிற்கும் வாடகை வண்டி எடுப்பாக இருந்தால்தான் ஆள் ஏறுவார்கள். அதனால் வாட்டர் சர்வீஸ் விட்ட கையோடு டயருக்கும் பாலிஷ் போடச் சொல்வது வழக்கமாகி விட்டது.

ஆனால் கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னும் டயர் நல்ல டயர் என்று அர்த்தம் இல்லை. பாலிஷை சரியாக தேர்வு செய்யாவிட்டால் காசும் வீண், டயருக்கும் கேடு. தப்பான இடத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

டயர் ஏன் பழுப்பாகிறது?

வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். இதை தடுக்க டயர் கம்பெனிகள் ரப்பரோடு மெழுகும், சில பாதுகாப்பு ரசாயனங்களும் சேர்க்கின்றன. வண்டி ஓட ஓட இவை மெல்ல மேலே கசிந்து வரும். அப்படி வந்தது காற்று பட்டு பழுப்பு நிறமாக படிகிறது. அதோடு கடற்கரை மணலும், வயல் பக்கத்து சேறும் சேர்ந்தால் டயர் வெளுத்த மாதிரி தெரியும். இது டயர் கெட்டுப்போன அடையாளம் இல்லை. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் இந்த பாதுகாப்பு மேலே வராமல் டயர் சீக்கிரம் வெடிப்பு விடும்.

இரண்டு வகை பாலிஷ்

கடைகளில் கிடைப்பது முக்கியமாக 2 வகை. ஒன்று, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் தண்ணீர் கலந்த பாலிஷ். இன்னொன்று, எண்ணெய் மாதிரி தெளிவாக, பிசுபிசுப்பாக இருக்கும் பெட்ரோலிய கலவை பாலிஷ்.

எண்ணெய் வகை கண்ணாடி மாதிரி மின்னும், மழைக்கும் தாங்கும். ஆனால் தூசியையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி வேகமாக போகும்போது தெறித்து, கதவிலும் மட்கார்டிலும் கருப்பு புள்ளி விழும். அதில் உள்ள பெட்ரோலிய பொருட்கள் அடிக்கடி பட்டால் ரப்பருக்கும் நல்லதில்லை.

தண்ணீர் வகை அதிகம் மின்னாது. புது டயர் போல மங்கலான கருப்பாக இருக்கும், தூசி ஒட்டுவது குறைவு. கடல் காற்றும் மணலும் உள்ள காரைக்காலுக்கு இதுவே தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீக்கிரம் கழுவிப் போய்விடும் என்பது மட்டும் குறை.

எந்த வகை என்று சந்தேகம் வந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் 2 சொட்டு விட்டு பாருங்கள். பால் போல கலந்தால் தண்ணீர் வகை. எண்ணெயாக மிதந்தால் மற்றது.

செலவு மிச்சம் என்று சிலர் டீசல், மண்ணெண்ணெய், வேஸ்ட் ஆயில் தடவுகிறார்கள். இது கூடவே கூடாது. ரப்பர் எண்ணெயை குடித்து ஊதி, பலம் இழந்துவிடும். ஒரு பாட்டில் பாலிஷ் காசை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு டயரையே இழக்க வேண்டி வரும்.

எப்படி போடணும்?

* ஓடி வந்த சூட்டோடு போடக்கூடாது. நிழலில் நிறுத்தி டயர் ஆறட்டும்.

* சோப்பு தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டு தேய்க்க வேண்டும். பழுப்பு நுரை நின்று வெள்ளை நுரை வரும் வரை விடக்கூடாது. பாலிஷ் நிற்பதும் நிற்காததும் இந்த தேய்ப்பில்தான் இருக்கு.

* ஈரம் சுத்தமாக காய வேண்டும். எழுத்து இருக்கும் பள்ளங்களில் தண்ணீர் தங்கியிருந்தால் பாலிஷ் திட்டு திட்டாக தெரியும்.

* டயர் மேல் நேராக ஸ்பிரே அடிக்காமல், ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து பக்கவாட்டில் மட்டும் மெல்லிசாக தடவ வேண்டும்.

* 10 நிமிடம் கழித்து பழைய துணியால் மிச்சத்தை ஒற்றி எடுத்தால் மினுமினுப்பு அடங்கி இயற்கையான கருப்பு வரும். உடனே வண்டியை கிளப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் காய விடுவது நல்லது.

இங்கே படக்கூடாது

தரையில் உருளும் பட்டன் பகுதியில் பாலிஷ் பட்டால் பிடிமானம் போய் வண்டி வழுக்கும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. பைக், ஸ்கூட்டர் டயருக்கு பாலிஷே வேண்டாம். வளைவில் வண்டியை சாய்க்கும்போது டயரின் ஓரமும் தரையில் படும். அங்கே வழுக்கினால் ஆள் கீழேதான்.

பளபளப்பில் ஏமாறாதீங்க

பழைய கார் வாங்குபவர்களும், செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குபவர்களும்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். நல்லா மின்னும் பாலிஷ், மெல்லிய வெடிப்புகளை மறைத்துவிடும். டயரை சோப்பு போட்டு கழுவச் சொல்லி, காய்ந்த பிறகு பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 5 ஆண்டு ஓடிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், தயாரித்து 10 ஆண்டு ஆனால் பட்டன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் டயர் கம்பெனியின் அறிவுரை.

பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் இருக்கும். கார் டயரில் இதன் உயரம் 1.6 மில்லி மீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்கு சமமாகி விட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. அதற்குப் பிறகு மழை ரோட்டில் அந்த டயரை நம்பி குடும்பத்தை ஏற்றக்கூடாது.

காற்று அளவும் முக்கியம். எவ்வளவு வேண்டும் என்று பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கழுவி, வெடிப்பு பார்த்து, காற்று பார்த்து, கடைசியில்தான் பாலிஷ்!